மந்தாரக்குப்பத்தில் மங்கலாய் எரிந்த பேட்டரி விளக்கு

கடல் தாண்டி இருக்கும் ஈப்போவில் எனக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பேரன் பேத்தி எடுத்த சீனப் பெண்மணிகள் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்திருக்கிறார்கள். அதனால் மந்தாரக்குப்பத்திலிருந்து என் கணவரின் தங்கை பர்வீன் போன் செய்து, "மச்சி, நீங்க வந்து கொஞ்ச நாள் பக்கத்துல குந்திகினா போதும், நான் ஓட்டிடுவேன்" என்றபோது எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. அண்ணன் மனைவியை எங்கள் வீடுகளில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பர்வீன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவள் கணவர் ஜாபர் அண்ணன் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பள்ளிச் சீருடைக் கடை வைத்திருக்கிறார். போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கையும் திரும்பிவிட்டது. வலது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பண்ருட்டி மொத்தக் கடைகளில் துணிக்கட்டு வாங்கி, அதைப் பேருந்தில் ஏற்றி இறக்குவது பர்வீன்தான். அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. வாங்கிய நாளோடு சரி, பெட்டிக்குள் போய்விட்டது.

சென்னையிலிருந்து போன பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு மலையாளத் தம்பதி. நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குப் போகிறவர்கள் போலும். அந்த அம்மாள் மலையாளத்தில் கணவரிடம் சொன்னது எனக்குப் புரிந்தது: "இந்த டிரைவர் வளைவைக் கண்டால் கோபப்படுகிறான். நாம் திரும்பிப் போகும்போது ரயில்தான்." என் தொழில் புத்தி அவருக்கு ஆதரவாக மனதுக்குள் கைதட்டியது.

பர்வீன் ஆட்டோவில் வந்து அழைத்துப் போனாள்.

"கார் எங்கே?" என்றேன்.

"வூட்லதான் நிக்குது. அதுல லைட்டு எரியுது மச்சி."

"எந்த லைட்டு?"

"வாங்க, பசியாறிட்டு காட்டறேன்."

பசியாறுவது என்ற சொல்லை ஈப்போவில் மட்டும்தான் காலை உணவுக்குச் சொல்கிறோம் என்று நினைத்திருந்தேன். முன்பின் பார்த்திராத ஊரில், ஆட்டோ குலுக்கலில் அதைக் கேட்டதும் பாதிக் களைப்பு போய்விட்டது. இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். நான் மூன்றாவது முறை வாங்கிக்கொண்டதும்தான் பர்வீனுக்குத் திருப்தி வந்தது.

சாப்பிட்டதும் காரைப் போய்ப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் சின்ன வண்டி. பழசு, ஆனால் சுத்தம். சாவியைத் திருப்பினால் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு பளிச்சென்று வருகிறது. அது சரி. எஞ்சின் கிளம்பியதும் அது அணைந்துவிட வேண்டும். இங்கே அணைந்ததுபோலத்தான் இருந்தது. பர்வீன் என் கையைப் பிடித்து விளக்கின் மேல் குடைபோல வைத்தாள். உள்ளங்கை நிழலில் எட்டிப் பார்த்தேன். முடியப்போகிற ஊதுபத்தியின் முனை மாதிரி, மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

"சேகர் கிட்ட காட்டியாச்சு. புது பேட்டரி போட்டான். டைனமோவ கழட்டி பிரிச்சி மாட்டினான். அப்பறமும் எரிஞ்சிகினே இருக்குது."

கடைத்தெருவில் கொட்டகை போட்டிருக்கும் கார் எலக்ட்ரீசியன் சேகர். மாலையில் அவரைப் பார்த்தபோது, "சார்ஜ் நல்லா ஏறுதுங்க மேடம். சில வண்டிக்கு அந்த லைட்டு அப்படித்தான். பயப்படாம ஓட்டுங்க" என்றார்.

ஜாபர் அண்ணன் கேட்கவில்லை. "எச்சரிக்கைக்குன்னுதான அந்த லைட்ட வச்சிக்கிறான்? எரியற வண்டிய எடுத்துகினு ரோட்டுக்குப் போவக் கூடாது தங்கச்சி. வித்துடலாம்னு இருக்கேன்."

பர்வீன் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பொருள் எனக்குத் தெரியும். ஈப்போவில் பல சமையலறைகளிலிருந்து அந்தப் பார்வையோடுதான் பெண்கள் என் காரில் வந்து ஏறுகிறார்கள்.

மறுநாள் அண்ணனிடம் பக்கத்து நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்ட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தோம். கார் பழக இதைவிட நல்ல ஊர் கிடையாது. அகலமான சாலை, இருபுறமும் மரம், நடுநடுவே ரவுண்டானா. சுரங்கத்தில் ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் சைக்கிளும் பைக்கும் பெருகி வரும். அப்புறம் மறுபடி அமைதி. குறை ஒன்றுதான்: எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி. ஒரு பிளாக்குக்குள் நுழைந்து வேறொரு பிளாக்கில் வெளியே வந்து, ஒரே பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றினோம். அங்கே மணலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எங்களுக்குக் கையாட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பர்வீன் நன்றாகவே ஓட்டினாள். அவளிடம் இருந்த ஒரே கோளாறு மரியாதை. எதிரே மாடு வந்தாலும் நிறுத்தி வழிவிடுவாள். "நீயும் வரி கட்டியிருக்கிறாய், உனக்கும் ரோடு உண்டு" என்று சொல்லிச் சொல்லி அவளை நகர்த்தினேன்.

இரண்டு நாளில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சார்ஜ் ஏறுகிறது என்று சேகரே சொல்கிறாரே என்று அண்ணனிடம் வாதாடி, பண்ருட்டிக்குக் கிளம்பினோம். பர்வீன் ஓட்ட, நான் பக்கத்தில். அவசரப்பட்டுவிட்டேன் என்று முத்தாண்டிக்குப்பம் வந்ததும் தெரிந்தது.

திடீரென்று மழை பிடித்தது. வைப்பரைப் போட்டோம். கண்ணாடி உள்பக்கம் ஆவி படர்ந்தது. காற்று விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். அப்போது பர்வீன், "மச்சி, லைட்ட பாருங்க" என்றாள். கையை வைத்து மறைக்கத் தேவையே இல்லை. மாதுளை முத்து மாதிரி சிவப்பாகத் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றது.

பின்னால் லாரி. அதன் ஹாரன் என் முதுகுத்தண்டில் ஒலித்தது. எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கும். "ஓரமா, ஓரமா, விடாதே" என்று கத்தினேன். பர்வீன் இரண்டு கையாலும் அதை இழுத்து, ஓடுகிற வேகத்திலேயே வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டாள். லாரி எங்களைச் சேற்றால் குளிப்பாட்டிவிட்டுப் போனது.

சாலையோரத்தில் பலாப்பழம் விற்கும் ஒரு பெண் தார்ப்பாய்க்கு அடியில் எங்களைச் சேர்த்துக்கொண்டார். "மழை வுடட்டும், தானா கெளம்பும். எங்க ஊட்டுக்காரர் வண்டியும் அப்படித்தான், குளுந்தா கெளம்பும்" என்று ஆளுக்கு நாலு சுளை கொடுத்தார். எங்கள் ஊரில் பலாவை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பார்கள் என்றேன். "பழத்தப் போயா?" என்று அவர் முகத்தைச் சுளித்தார். பர்வீன் முதலில் கேட்டது, "நான் சரியாத்தான பண்ணேன் மச்சி?" என்பதுதான்.

"என் மாணவிகளில் பாதிப் பேர் இந்நேரம் கண்ணை மூடியிருப்பார்கள்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மழை விட்டதும் கார் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பியது. வீடு திரும்புவதற்குள் சேதி எங்களை முந்திப் போயிருந்தது. பேருந்தில் போன யாரோ ஒரு வாடிக்கையாளர் பார்த்துவிட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணன் திட்டவில்லை. எங்கள் முன்னாலேயே போனை எடுத்துக் கார் புரோக்கரைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கெழம தொழுகை முடிஞ்சி வாங்க" என்றார்.

அது புதன்கிழமை.

அன்று பரோட்டா வாங்கி வந்தார்கள். எங்கள் ரொட்டி சானாய்க்கு அது அண்ணன் முறை. அதே மாவு, அதே வீச்சு. ஆனால் இங்கே பிய்த்துப் போட்டு சால்னாவில் மூழ்கடித்துவிடுகிறார்கள். ருசிதான். எனக்குத்தான் இறங்கவில்லை. விளக்கு பிரகாசமானதற்குச் சற்று முன் நாங்கள் என்ன செய்தோம்? வைப்பர் போட்டோம். விசிறி போட்டோம். கார் பழகும் பெண்கள் தப்பு செய்தால் நான் அதைத்தான் கேட்பேன்: இதற்கு முன்னால் என்ன செய்தாய்? திரும்பச் செய்து காட்டு. ஒவ்வொன்றாக.

வியாழன் காலை ஒரு கனமான போர்வையை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் மரநிழலில் வண்டியை நிறுத்தினோம். எஞ்சின் ஓட, இருவரும் போர்வையைத் தலையோடு சேர்த்து டேஷ்போர்டின் மேல் போர்த்திக்கொண்டோம். உள்ளே நல்ல இருட்டு. அந்தச் சின்ன நெருப்பு தெளிவாகத் தெரிந்தது.

"ஹெட்லைட் போடு." விளக்கு அசையவில்லை. "அணை. இப்போ விசிறி." விளக்கு கொஞ்சம் ஏறியது. "விசிறியோடு வைப்பர்." இன்னும் ஏறியது. எல்லாவற்றையும் அணைத்தால் பழையபடி மங்கல். திரும்பத் திரும்பச் செய்தோம். ஒருதடவையும் மாறவில்லை.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். போர்வையை விலக்கினால் ஒரு செக்யூரிட்டி. மழையே இல்லாமல் வைப்பர் ஓடும் காருக்குள் இரண்டு பெண்கள் போர்வைக்குள்.

"என்னம்மா பண்றீங்க?"

"லைட்டு பாக்கறோங்க" என்றாள் பர்வீன்.

அவர் வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "வூட்ல போயி பாருங்கம்மா" என்றார்.

நாங்கள் சேகரின் கொட்டகைக்குப் போனோம். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போன்ல ஏதாச்சும் வீடியோ பாத்தீங்களா மேடம்? நான் பேட்டரிலயே மீட்டர் வச்சி பாத்துட்டேன். பதினாலு வோல்ட்டு காட்டுது. அதுக்கு மேல என்னங்க வேணும்?"

"எனக்கு மீட்டர் தெரியாதுங்க. போர்வைக்குள்ள மட்டும் வந்து பாருங்க."

"நான் ஏங்க போர்வைக்குள்ள…"

"சேகரு, நாளைக்கு வண்டி போயிடும். அக்காவுக்காக பாரு" என்றாள் பர்வீன்.

அவர் வேண்டாவெறுப்பாகத்தான் தலையைக் கொடுத்தார். நான் வெளியே நின்று விசிறியைப் போட்டு அணைத்தேன், ஹெட்லைட்டைப் போட்டு அணைத்தேன். போர்வைக்குள்ளிருந்து, "ஹெட்லைட்ட இன்னொரு வாட்டி போடுங்க" என்று குரல் வந்தது. அந்தக் குரலில் சலிப்பு இல்லை.

வெளியே வந்தவர் பானெட்டின் தூசியில் விரலால் இரண்டு கோடு இழுத்து நடுவில் ஒரு வட்டம் போட்டார். "இதான் அந்த பல்பு. ஒரு பக்கம் டைனமோலேர்ந்து கரண்ட்டு வருது. இன்னொரு பக்கம் சாவி வழியா பேட்டரிலேர்ந்து வருது. ரெண்டு பக்கமும் சமமா தள்ளினா பல்பு எரியாது. ஒரு பக்கம் கொறஞ்சா அந்த வித்தியாசத்துக்கு மினுக்குனு எரியும்."

"நீங்க டைனமோ பக்கம் பாத்துட்டீங்க" என்றேன்.

"ஆமாங்க. சாவி பக்கம் பாக்கல. ஹெட்லைட்டு சாவி வழியா வரல, நேரா வருது. விசிறியும் வைப்பரும் சாவி வழியா வருது." அவர் மீட்டரை எடுத்துக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த பியூஸ் பெட்டியைத் திறந்தார். பேட்டரியில் பதினாலு காட்டிய முள், அங்கே பன்னிரண்டரையைத் தாண்டவில்லை. விசிறியைப் போட்டதும் இன்னும் இறங்கியது.

"வர்ற வழியில ஒன்னரை காணாம போவுது" என்றார். எத்தனையோ மாநிலத்துக்குக் கரண்ட் அனுப்பும் ஊரில் நாங்கள் மூவரும் ஒன்றரை வோல்ட்டைத் தேடிக்கொண்டு நின்றோம்.

அன்று வேறு வண்டி வேலை இருந்ததால், சாவி ஸ்விட்சைக் கழற்ற வெள்ளிக்கிழமைதான் முடிந்தது. தொழுகை முடிந்த நேரம், ஸ்டீயரிங்கின் கீழ்மூடி கழன்று, உள்ளிருந்த ஒயர்கள் குடல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. ஸ்விட்சின் பின்பக்கம் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருந்தது. உள்ளே செம்பு கருகிப்போயிருந்தது. அதன் தடித்த ஒயரோடு வேறொரு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அந்த ஒயர் சீட்டுக்கு அடியில் போய்ச் சும்மா முடிந்திருந்தது.

"இத எவன் இழுத்தது?" என்றார் சேகர்.

"நான்தான்."

ஜாபர் அண்ணன் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார், கூடவே புரோக்கர். "ஸ்கூல் தொறக்கற சமயத்துல வண்டி மேல கொழாய் கட்டி, யூனிபார்ம் யூனிபார்ம்னு கத்திகினு ஊர் ஊரா போவேன்ல. அந்த ஆம்ப்ளிபயருக்கு நானே இழுத்தேன். அப்பறம் அத எடுத்துட்டேன்."

"பாய், அது இழுத்த கரண்ட்டுலதான் ஸ்விட்சு வெந்துபோச்சு. சூடேறினா மொத்தமா வுட்டுடும், குளுந்தா புடிக்கும். அதான் முத்தாண்டிக்குப்பத்துல நின்னுது." சேகர் என் பக்கம் திரும்பினார். "பேட்டரியோட நிறுத்திட்டேன் மேடம். இதையும் பாத்திருக்கணும்."

புரோக்கர் உள்ளே குனிந்து பார்த்தார். தொங்கும் ஒயர்கள் அவருக்கு நல்ல சகுனமாகப் பட்டிருக்க வேண்டும். "எதுக்கு இதெல்லாம் மாட்டிகினு? இப்படியே வுட்டுடுங்க பாய். நான் இழுத்துகினு போயிக்கறேன், பாத்து போட்டுத் தரேன்."

அண்ணன் கருகிய ஸ்விட்சைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"வண்டி விக்கறதுக்கு இல்லைங்க" என்றாள் பர்வீன்.

"பாய்தான் வரச் சொன்னாரு…"

"அவருக்கு நான் சொல்லிக்கறேன். நீங்க டீ சாப்புட்டுப் போங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. புரோக்கர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. புரோக்கர் டீ குடிக்காமலே போய்விட்டார்.

சேகர் பைக்கில் போய்ப் புது ஸ்விட்ச் வாங்கி வந்தார். பழைய முறுக்கை வெட்டி எறிந்து, ஒயரை ஒழுங்காகச் சேர்த்து மாட்டினார். வெயில் சாயும் நேரத்தில் சாவியைத் திருப்பினோம். சிவப்பு பளிச்சென்று வந்தது. எஞ்சின் கிளம்பியது. நான் போர்வைக்குள் நுழைந்தேன். விசிறி, வைப்பர், இரண்டும் சேர்த்து. ஒன்றுமில்லை. என் கண்ணுக்குள்தான் பச்சையும் நீலமும் பறந்தன. விளக்கு இருந்த இடம் வெறும் கறுப்பு.

"நீங்களும் பாருங்க" என்று பர்வீன் அண்ணனை முன்சீட்டில் உட்காரவைத்துப் போர்வையை இழுத்துவிட்டாள். தானும் உள்ளே போனாள். நான் கதவுப் பக்கம் நின்றேன். சேகர் கை கழுவப் போயிருந்தார்.

"எரியல" என்று அண்ணனின் குரல் கேட்டது.

"எரியலதான? அப்பறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்குது?"

"அன்னிக்கு வாதம் வந்து காலு மரத்துப்போச்சு பாரு. நீ பக்கத்துல குந்திகினு ஏதோ சொல்லிகினு வந்த. எதிர்ல லாரி. எனக்கு பிரேக் எங்க இருக்குதுன்னே தெரியல பர்வீனு. ஏதோ புளியமரத்துல உரசி நின்னுது. இல்லன்னா நீ இல்ல. இந்த வண்டிய பாத்தாலே எனக்கு அதான் வருது. அதுல நீ தனியா போறத நெனச்சா தூக்கம் வரல. லைட்டு எரியுதுன்னு சொல்லிகினு இருந்தேன். இப்ப இன்னாத்த சொல்றது?"

நான் அங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்தது. ஆனாலும் நகர முடியவில்லை.

"தனியா ஏன் போறேன்?" என்றாள் பர்வீன். "நீங்க கூட வாங்க. கட தொறக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். பயமா இருந்தா சொல்லுங்க, நிறுத்தறேன். புதன்கெழம மழையிலயும் நிறுத்தினேன்ல, லாரிக்கு முன்னாடி?"

"கேள்விப்பட்டேன்" என்றார். "ஸ்டீயரிங்க இழுத்துட்டியாமே."

"இழுத்தேன்."

"கனமா இருந்திருக்குமே."

"இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சேகரைத் தேடிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டேன். இங்கே டீயில் இஞ்சியை நசுக்கிப் போடுகிறார்கள். எங்கள் ஊர் நுரை டீயான தே தாரேக்கை விட அரை டம்ளர் குறைவு, ஆனால் இரண்டு மடங்கு சூடு.

மறுநாள் பண்ருட்டிக்கு மூவரும் போனோம். பர்வீன் ஓட்ட, அண்ணன் பக்கத்தில். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மாணவிக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. அண்ணன் வழியெல்லாம் மேல்கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். லாரி கடக்கும்போதெல்லாம் அவர் கழுத்தில் நரம்பு எழும்பி அடங்கியது. பர்வீன் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டாள். வேகத்தைக் குறைத்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

பண்ருட்டியில் மொத்தக் கடைத் தெரு குறுகல். முந்திரி மூட்டை ஒருபக்கம், தள்ளுவண்டி ஒருபக்கம். துணிக்கடை வாசலில் ரிவர்ஸ் எடுத்து வண்டியைச் சொருக வேண்டும். பர்வீன் இரண்டு முறை முயன்றாள். பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் நாலைந்து வண்டிகள். கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் காதுமடல் சிவந்தது. நான் கதவைத் திறக்கப் போனேன்.

அதற்குள் முன்கதவு திறந்தது. அண்ணன் ஒரு கையால் கதவைப் பிடித்து, மற்றக் கையால் வலது காலைத் தூக்கி வெளியே வைத்து, எழுந்து நின்றார். காரைத் தடவித் தடவிப் பின்பக்கம் போனார். நடுத்தெருவில் நின்று பஸ் டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"நில்லுப்பா. என் வூட்டுக்காரம்மா வண்டி எடுக்கறாங்க."

ஹாரன் நின்றது. அவர் காரின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தார். சீருடை விற்க ஊர் ஊராய்க் கூவிய அந்தக் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

"வா… வா… ரைட்ல ஒடி… இன்னும் எடம் இருக்குது, நான் பாத்துக்கறேன், வா…"